கண்ணுக்கு வைத்தியம் பாக்க நம்மூர்ல ஆளா இல்ல?

மாப்ள, காலு ஒடிஞ்சா கட்டிலோட தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுற ஊரு நம்ம ஊரு. பல்லு வலிச்சாக்கூட மேலூருக்கு பஸ் ஏறிப்புடுவாய்ங்க. கண்ணுக்கு ஒண்ணுன்னா மட்டும் ஒருத்தனும் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டான். எதுக்குத் தாண்டணும்? தெருவுக்குத் தெரு டாக்டருக உக்காந்துல்ல இருக்காய்ங்க!

கண்ணுல ஒரு தூசி விழுந்துருச்சுன்னு வையி. முதல்ல வர்றவன் இமையைப் பிதுக்கிப் பிடிச்சு "ப்பூ"ன்னு ஊதுவான். காலையில தின்ன வெங்காயம், வாயில அதக்குன பொகையிலை, அம்புட்டும் உன் கண்ணுக்குள்ள போய்ச் சேரும். அடுத்தவன் தோள்ல கெடக்குற துண்டு முனையைத் திரிச்சு, எச்சி தொட்டு, உள்ள விட்டுத் துழாவுவான். அந்தத் துண்டு எதையெதைத் தொடச்சுச்சுன்னு அவனுக்கும் தெரியாது, அவன் மாட்டுக்குத்தான் தெரியும். அப்புறம் மேலத்தெருவுல ஒரு ஆத்தா இருக்கும், நாக்காலேயே தூசி எடுக்கும். கைராசிக்காரின்னு சுத்துப்பட்டு அம்புட்டும் பேரு. நாக்குல எடுக்கிறவளுக்கு எப்படிய்யா கைராசின்னு இன்னைய வரைக்கும் எவனும் கேட்டதில்ல.

அதுலயும் அடங்கலைன்னா வெளக்கெண்ணெய், பிள்ளைத்தாச்சி வீட்டுல கெஞ்சி வாங்குன தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு. கடைசியா மருந்துக்கடைத் தம்பி. "கண்ணு செவந்திருக்கு"ன்னு வாயைத் தொறக்குறதுக்குள்ள ஒரு சொட்டு மருந்தை எடுத்து நீட்டிருவாப்ல. இத்தனை பேரு பீசு வாங்காம வைத்தியம் பாக்குறப்ப ஆஸ்பத்திரிக்குப் போறவன் கிறுக்கன்தான?

ஆனா இந்த டாக்டருகளை எல்லாம் ஒரு சுத்துப் பாத்து முடிக்க மூணு நாளாகும். கண்ணு போறதும் அந்த மூணு நாளுலதான். நோவு வந்து கண்ணு போனவனைவிட, நோவோட ஊரைச் சுத்திக் கண்ணு போனவன்தான் நான் பாத்த வரைக்கும் ஜாஸ்தி. அதனால எதுக்கு உடனே ஓடணும், எங்க ஓடணும், எதுக்கு வீட்டுலயே காலை நீட்டிப் படுத்துக்கலாம்னு சொல்றேன். கேக்குறதும் கேக்காததும் உன் பாடு. கண்ணும் உன் கண்ணுதான்.

முதல்ல கதிரறுப்பு. நெல்லுச் சொணையோ, வைக்கோல் முனையோ, கரும்புத் தோகையோ கண்ணுல கீறிருச்சு. கருவிழி மேல லேசா ஒரு செராய்ப்பு. "என்னத்த பெரிசா"ன்னு கசக்கிக்கிட்டே சாயந்தரம் வரைக்கும் அறுப்ப. அந்தச் செராய்ப்பு வழியாத்தான் மண்ணுலயும் பயிருலயும் கெடக்குற பூஞ்சக் காளான் உள்ள குடியேறும். ரெண்டு நாள் கழிச்சுக் கண்ணு கூசும், கலங்கும், கருவிழியில வெள்ளையா ஒரு புள்ளி தெரியும். "கண்ணுல பூ விழுந்துருச்சு"ன்னு ஊரு சொல்லுதே, அந்தப் பூவுக்கு விதை போட்டது இந்தக் கீறல்தான்.

இதுல நம்ம மதுரை மாவட்டத்துக்கு ஒரு பெருமை இருக்கு, தெரியுமா? 1996-ல வெளிவந்த ஒரு ஆய்வுல நம்ம மாவட்டத்தைத்தான் எண்ணிப் பாத்தாக. வருசத்துக்கு லட்சம் பேருல 113 பேருக்குக் கருவிழிப் புண்ணுன்னு கணக்கு வந்துச்சு. அதே புண்ணை அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல ஒரு பகுதியில எண்ணுனப்ப லட்சத்துக்கு 11. பத்து மடங்கு வித்தியாசத்துல நம்ம ஜெயிச்சுட்டோம், மாப்ள! மேளம் வச்சுக் கொண்டாட வேண்டிய சங்கதி. கொண்டாட்டத்தைப் பாக்கத்தான் கண்ணு இருக்காது.

நேபாளத்துல பக்தபூர்னு ஒரு ஊரு. அங்க கிராமத்துச் சுகாதார ஊழியருகளுக்குப் பழக்கிவிட்டு, கண்ணுல கீறல் பட்டு வந்தவுகளுக்கு மூணு நாளைக்கு ஆன்டிபயாடிக் களிம்பு போட்டுப் பாத்தாக. 2001-ல அந்தக் கணக்கு வெளிய வந்துச்சு. பட்டு 18 மணி நேரத்துக்குள்ள வந்தவுகள்ல ஒருத்தருக்கும் புண்ணு வைக்கல. ஒரு நாள் தாண்டி வந்தவுகள்லதான் நெறையப் பேருக்குப் புண்ணாச்சு. களிம்பு அதே களிம்புதான். வந்த நேரம்தான் வேற. இதைக் கேட்டுட்டு நீயே ஒரு டியூபை வாங்கி அப்பிக்கிட்டு வீட்டுல இருந்துறாத. கீறலா புண்ணா, பாக்டீரியாவா காளானான்னு பாக்க டாக்டர் சாயம் விட்டு நீலமா ஒரு வெளிச்சம் அடிப்பாக, தேவைப்பட்டாச் சொரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சும் பாப்பாக. அந்த மைக்ராஸ்கோப்பு மருந்துக்கடையில கெடையாது.

மருந்துக்கடைத் தம்பி மேல எனக்குக் கோவமில்ல. நல்ல பிள்ளை, கல்யாணத்துக்குக்கூட மொய் வச்சேன். ஆனா அவன் குடுக்குற சொட்டு மருந்து பலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்டதும் செவப்பு வாங்கும், வலி கொறையும். "பாத்தீங்களா மாமா, கேட்டுருச்சு"ன்னு நீ கடைக்காரனுக்கு மாலை போடுவ. அந்த ரெண்டு நாளும் உள்ள இருக்குற காளான் யாரு தொந்தரவும் இல்லாமத் தின்னு கொழுக்கும். அக்கி வைரசு கண்ணுல வந்திருந்தாலும் இதே கதிதான். பழைய சீட்டைக் காட்டி அதையே மாசக்கணக்குல வாங்கி ஊத்துறவனுக்குக் கண்ணு அழுத்தமும் ஏறும், பொரையும் விழும். காளானுக்குன்னு தனி மருந்து இருக்கு, வாரக்கணக்குல மணிக்கொருக்கா ஊத்துற மருந்து. சீக்கிரம் போனாச் சொட்டு மருந்தோட போகும். லேட்டாப் போனா வேற ஆளு கண்ணை எடுத்துத் தைக்கிற வேலை.

அடுத்து சுண்ணாம்பு. இதுல மட்டும் நான் சொல்ற வரிசையை மாத்திப்புடாத. வெத்தலைக்கு வச்சிருக்குற சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளைக அமுக்கி வெளையாடும். பொசுக்குன்னு வெடிச்சு நேரா மூஞ்சிக்கு வரும். வீட்டுல வெள்ளையடிக்கிறப்பத் தெறிக்கும். பிளீச்சிங் பவுடர், கக்கூஸ் கழுவுற ஆசிட்டு, பேட்டரித் தண்ணி எல்லாம் இந்தக் கணக்குத்தான். ஆனா ஆசிட்டைவிடச் சுண்ணாம்பு மோசம். ஆசிட்டு மேலாப்புல பொசுக்கிட்டுப் பெரும்பாலும் அங்கயே நிக்கும். சுண்ணாம்பு சதையைக் கரைச்சுக்கிட்டே உள்ள எறங்கும். நீ "ஆட்டோ எங்க, ஆதார் கார்டு எங்க"ன்னு தேடுற நேரமெல்லாம் அது எறங்கிக்கிட்டேதான் இருக்கும்.

அதனால ஓடாத. முதல்ல தண்ணி. எந்தத் தண்ணி? கைக்கு எது ஆப்புடுதோ அந்த நல்ல தண்ணி. மினரல் வாட்டர் வாங்கக் கடைக்கு ஆள் அனுப்புனேன்னு எவனாச்சும் சொன்னா அவனை அங்கனயே உக்கார வையி. தலையைச் சாச்சு, கெட்ட கண்ணு கீழ இருக்குற மேனிக்குப் படுக்க வச்சு, இமையை விரிச்சுப் பிடிச்சு, செம்புல மொண்டு மொண்டு மெதுவா ஊத்து. அரை மணி நேரம் ஊத்து. பிள்ளை கத்தும், உன் வீட்டுக்காரியும் கத்துவா, நிறுத்தாத. இமைக்குள்ள சுண்ணாம்புக் கட்டி ஒட்டியிருந்தா ஈரத்துணியால தொடச்சு எடு. சுண்ணாம்புக்கு எதிரா எலுமிச்சை, ஆசிட்டுக்கு எதிராப் பாலுன்னு ரசாயன வாத்தியாரு வேலை எதுவும் பாக்காத. கழுவி முடிச்சுட்டு வண்டியேறு. வண்டியிலயும் பாட்டில்ல தண்ணி வச்சுக் கழுவிக்கிட்டே போ.

எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் இதோட தம்பிமாருக. வேலி வெட்டுறப்பக் கள்ளிப்பால் தெறிச்சா எரியிற எரிச்சல்ல நீயே தண்ணியைத் தேடி ஓடுவ. எருக்கம்பால் கமுக்கமான ஆளு. சாமிக்கு மாலை கட்டப் பூ பறிக்கிறப்பத் தெறிக்கும். பெரிசா வலிக்காது. பொழுது சாயச் சாயப் பார்வை புகை மூட்டமாகும். வலிக்கலையேன்னு உக்காந்துறாத. கழுவிட்டு, எந்தச் செடின்னு காட்ட ஒரு கொப்பை ஒடிச்சு பேப்பர்ல சுருட்டி எடுத்துட்டுப் போ. அந்தக் கொப்பை ஒடிக்கிறப்ப இன்னொரு கண்ணுக்கும் தெறிக்க விட்டுறாத, நீ செய்யக் கூடியவன்தான்.

இப்ப நான் சொன்னதுக்கு நேர் மாறா ஒண்ணு சொல்லப் போறேன். குழம்பிக்காத. கல்லு ஒடைக்கிறவன், உளி அடிக்கிறவன், லேத்துப் பட்டறைக்காரன், ஆட்டுக்குக் கொப்பு வெட்டுறப்பச் சீமைக்கருவேல முள்ளு குத்துனவன், ரெண்டு நாள் முன்னாடியே தீவாளி கொண்டாடுற பயலுக, இவுகளுக்கெல்லாம் தண்ணி கூடாது. கண்ணு கிழிஞ்சிருக்கலாம்னு சந்தேகம் வந்துட்டாக் கழுவாத, கசக்காத, அமுக்காத, களிம்பு போடாத, குத்திக்கிட்டு நிக்கிறதைப் புடுங்காத. டீக்கடையில பேப்பர் கப்பு வாங்கிக் கண்ணு மேல கவுத்து, கண்ணுல படாம ஓரத்துல டேப் ஒட்டு. "பாவம், பட்டினியாப் போறானே"ன்னு ரெண்டு இட்லி ஊட்டி விடாத. மயக்க மருந்து குடுத்துத் தையல் போட வேண்டியிருக்கும், வயித்துல சோறு இருந்தா டாக்டர் காத்துக்கிட்டு உக்காரணும். டிடி ஊசியும் ஒண்ணு போடுவாக.

சுத்தியலும் உளியும் மோதுறப்பத் தெறிக்குற இரும்புச் சில்லு ரொம்பப் பொல்லாதது. சுருக்குன்னு ஒரு நொடி குத்தும், அம்புட்டுத்தான். பார்வை நல்லாத் தெரியும். "தொடச்சுட்டேன், போயிருச்சு"ன்னு அடுத்த கல்லுக்குப் போயிருவ. அது போகல மாப்ள, உள்ள போயிருச்சு. உள்ளாறயே கெடந்து துரு ஏறி, விழித்திரையைக் கெடுக்கும். இல்லைன்னா சீழ் பிடிக்கும். கண்ணாடியில பாரு, கண்ணுப் பாப்பா உருண்டையா இல்லாம ஒரு பக்கமாக் கோணிக்கிட்டு இருந்தாச் சந்தேகமே வேணாம். டாக்டர்கிட்ட "இரும்பு மேல இரும்பு அடிச்சேன்"னு இந்த வார்த்தையைச் சொல்லு. அதைச் சொன்னாத்தான் எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுத்துத் தேடுவாக. அதைச் சொல்லாம எம்.ஆர்.ஐ.க்குள்ள போய்ப் படுத்தேன்னு வையி, அந்தக் காந்தம் இரும்பை இழுக்கும், கண்ணு போயிரும்.

தீவாளி வெடி சமாச்சாரத்துல ஒண்ணு. கொளுத்துனவன் பல பேரு ஓடித் தப்பிச்சுருவான். வேடிக்கை பாத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் ஆஸ்பத்திரியில கெடக்கும். அதனால "நான் வெடியே போடலையே மாமா"ன்னு நல்ல பிள்ளைக் கணக்கு என்கிட்டச் சொல்லாத.

வெல்டிங் பயலுக சங்கதி தனி. பகலெல்லாம் கண்ணாடி போடாமப் பத்த வச்சுட்டு, நடு ராத்திரியில கண்ணுல மணலைக் கொட்டுன கணக்கா அலறுவான். பட்டறையில உருளைக்கிழங்கை வெட்டி ஒட்டி விடுவாய்ங்க. அதைக் கொழம்புல போட்டிருந்தாலாவது ருசியா இருந்திருக்கும். இது பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல ஆறிரும், ஆனாலும் விடிஞ்சதும் போய்க் காட்டு. மரத்துப் போற சொட்டு மருந்தை வாங்கி வச்சுக்கிட்டு நீயா ஊத்திக்கிட்டு இருந்தா ஆற வேண்டியது ஆறாமப் புண்ணாயிரும்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சத்தம் போட்டு வர்ற நோவு. வலிக்கும், செவக்கும், ஊரைக் கூட்டும். இனிமே சொல்றது வலிக்காது, செவக்காது. கண்ணாடியில பாத்தாக் கண்ணு மாப்பிள்ளைக் களையா இருக்கும், உள்ள பார்வை போய்க்கிட்டு இருக்கும். நம்மாளு வலிக்கு மட்டும்தான் மரியாதை குடுப்பான், அதான் இதுல ஏமாந்து போறான்.

ஓரக்கண்ணுல மின்னல் வெட்டும். திடீர்னு கொசுக் கூட்டம் பறக்கும், கையால வெரட்டுனாப் போகாது. அப்புறம் ஒரு பக்கத்துல இருந்து கருப்பா ஒரு திரை எறங்கும். மின்னல் வெட்டுனதும் மழை வருதான்னு வாசல்ல வந்து வானத்தைப் பாத்தவன் எல்லாம் நம்மூர்ல உண்டு. அது வானத்துல இல்ல சாமி, உன் விழித்திரை கிழியுது. கிழிசலோட போனா லேசர் அடிச்சு ஒட்டிருவாக. திரை நடுப்பார்வையை மறைக்கிறதுக்கு முன்னாடி போனா ஆபரேசன்ல பார்வை நல்லாத் திரும்ப வாய்ப்பு ஜாஸ்தி. நடுவையும் மறைச்சதுக்கு அப்புறம் போனா, ஒட்டலாம், ஆனாப் பழைய பார்வை வராது. கெட்டிக் கண்ணாடி போட்டுத் தூரத்துப் பார்வை இல்லாதவன், பொரை எடுத்துக்கிட்ட என்னைய மாதிரிக் கெழடு, முன்ன எப்பவோ கண்ணுல அடி வாங்குனவன் எல்லாம் இதுல உசாரா இருக்கணும். வருசக் கணக்கா ஒண்ணோ ரெண்டோ கொசு பறந்துக்கிட்டு இருந்தா அது வேற, அது வளப்புக் கொசு. புதுசா ஒரு கூட்டமே வந்தா அன்னைக்கே ஓடு.

இதுக்கும் மேல ஒண்ணு. பொசுக்குன்னு ஒத்தைக் கண்ணு மொத்தமா இருண்டு போகும். வலியே இருக்காது. பக்கவாதம்னு சொல்றோமே, அது கண்ணுக்கு வந்திருக்கு. விழித்திரைக்கு ரத்தம் கொண்டு போற குழாயில அடைப்பு. சில மணி நேரத்துல உள்ள இருக்கிற நரம்பு பட்டுப் போகும். அடைப்பைக் கரைக்கிற ஊசி போடுறதா இருந்தாலும் நாலரை மணி நேரத்துக்குள்ளதான் யோசிப்பாக. இதுக்குக் கண்ணாடிக் கடை பக்கத்துல இருக்குற சின்னக் கிளினிக்குக்குப் போகாத, பக்கவாதத்துக்குப் பாக்குற பெரியாஸ்பத்திரிக்கே நேராப் போ. இதுல இன்னொரு சூது என்னன்னா, சில பேருக்கு அஞ்சு பத்து நிமிசம் இருண்டுட்டுத் தானா வெளுத்துரும். "குலசாமி காப்பாத்திருச்சு"ன்னு கெடா வெட்ட நாள் குறிப்பான். கெடா வெட்டு, நானும் வர்றேன். அதுக்கு முன்னாடி அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி கழுத்துக் குழாய், நெஞ்சு, சர்க்கரை, பிரசரு எல்லாம் காட்டு. அடுத்தாப்புல வாய் கோணி, கை கால் விழுகப் போகுதுன்னு வந்த தாக்கல் அது.

அடுத்தது உன் அத்தைக்கு வருதுன்னு வையி. பொழுது அடஞ்ச நேரம். பாதி மண்டை பொளக்குது, வாந்தியா எடுக்குது, கண்ணு செவந்து கலங்குது. "பித்தம் தலைக்கேறிருச்சு"ன்னு இஞ்சிச் சாறு குடுப்பீக, சோடா குடுப்பீக, ஒருத்தன் வாந்திக்கு ஊசி போட்டு விடுவான், பக்கத்து வீட்டுக்காரி வேப்பெலை அடிப்பா. எவனாச்சும் ஒருத்தன் "ஆத்தா, லைட்டைச் சுத்தி வானவில்லுக் கணக்கா வட்டம் தெரியுதா?"ன்னு கேட்டானா? கேட்டிருந்தா "தெரியுதப்பா"ன்னு சொல்லியிருக்கும். நம்ம கண்மாய்க்குத் தண்ணி வந்துக்கிட்டே இருக்கு, மடை அடைச்சுக்கிச்சுன்னா என்னாகும்? கரை தாங்காது. கண்ணுக்குள்ளயும் தண்ணி ஊறிக்கிட்டே இருக்கு, வடியிறதுக்கு ஒரு மடை இருக்கு. அந்த மடை திடுதிப்புன்னு அடைச்சா அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பை நசுக்கிப்புடும். நாப்பது அம்பது தாண்டுன பொம்பளைகளுக்குத்தான் இது அதிகம். ராத்திரியோட ராத்திரியாப் போனா மருந்தால அழுத்தத்தை எறக்கி, லேசர்ல ஒரு ஓட்டை போட்டு விட்டுருவாக. அடுத்த கண்ணுக்கும் வராம அதுலயும் ஒரு ஓட்டை. காலையில பாத்துக்கலாம்னா, காலையில பாக்குறது யாரு?

கண்ணுல தெரிஞ்சாலும் கண்ணு நோவே இல்லாதது ஒண்ணு இருக்கு. தரையில படுத்துத் தூங்குன பய, விடியக்காலம் வயித்து வலியோட எந்திரிக்கிறான். ரெண்டு இமையும் தொங்குது, ஒரு ஆளு ரெண்டாத் தெரியிறான், எச்சி முழுங்க முடியல. "ராத்திரி சரக்கு ஓவராயிருச்சு"ன்னு சிரிப்பீக. அவனைக் கட்டுவிரியன் தொட்டிருக்கலாம். அது கடிச்ச எடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. சொட்டு மருந்து வாங்கப் போகாம, விசமுறிவு ஊசி இருக்குற அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. ஒத்தை இமை மட்டும் திடீர்னு தொங்கி, தாங்க முடியாத தலைவலியும் சேந்துச்சுன்னா அது மூளையில இருக்குற ரத்தக் குழாய் சங்கதியா இருக்கலாம். அதுக்கும் பெரியாஸ்பத்திரிதான்.

சரி, பயந்துட்டியா? இனி பயப்படாம இருக்க வேண்டியதைச் சொல்றேன். வெள்ளை விழியில ரத்தம் கட்டி, பாக்குறவன் எல்லாம் அலறுற மேனிக்குச் செக்கச் செவேல்னு இருக்கும். அடிபடல, வலியில்ல, பார்வை பழையபடி இருக்குன்னா ரெண்டு வாரத்துல தானாக் கலைஞ்சிரும். இருமுனதுலயும் முக்குனதுலயும்கூட அது வரும். பிரசரை ஒரு தடவை பாத்துக்க. மெட்ராஸ் ஐ வந்தாத் தண்ணியா ஊத்தும், பூளை கட்டும், உறுத்தும். பாக்குறதால ஒட்டாது, கையாலயும் துண்டாலயும்தான் ஒட்டும். கருப்புக் கண்ணாடி மாட்டிட்டு ஊரெல்லாம் கை குடுத்துட்டு வர்ற பாரு, அதுலதான் பரவுது. கையைக் கழுவிக்கிட்டு வீட்டுல கெட. ஆனாக் கண்ணு வலிச்சாலோ, வெளிச்சம் தாங்காமப் போனாலோ, பார்வை மங்குனாலோ அது வெறும் மெட்ராஸ் ஐ இல்ல, அன்னைக்கே கெளம்பு. கண்ணுக்குள்ள லென்ஸ் ஒட்டிக்கிட்டுத் தூங்குற காலேசுப் பிள்ளைகளுக்குச் செவந்தாலே அன்னைக்கே கழட்டிட்டு ஓடணும், அந்த லென்ஸைக் கொழாத் தண்ணியில கழுவுறவளா இருந்தா ரெண்டு மடங்கு வேகத்துல. கண்கட்டிக்கு வெந்நி ஒத்தடம். வெள்ளெழுத்துக்கு அடுத்த வாரம் சாவகாசமாப் போய்க் கண்ணாடி மாட்டிக்க. வலது கண்ணு துடிக்குது, பணம் வருமான்னு கேட்டு என்கிட்ட வராத. நல்லாத் தூங்கு, நின்னுரும்.

பொரை ஆபரேசன் பண்ணிட்டு வந்த கெழடுகட்டைக வீட்டுல இருந்தா ஒண்ணு கேட்டுக்க. நாளாக ஆகப் பார்வை தெளியணும். தெளிஞ்ச பார்வை மங்குது, வலிக்குது, செவக்குதுன்னா "அடுத்த வாரம் செக்கப்பு இருக்குல்ல"ன்னு உக்காராம, அன்னைக்கே ஆபரேசன் பண்ணுன எடத்துக்குத் திருப்பிக் கூட்டிப் போ. உள்ள சீழ் பிடிச்சா ஒரு ராத்திரி போதும். சர்க்கரை கட்டுக்கடங்காதவுகளுக்கு ஒரு பக்கம் மூஞ்சி வலிச்சு, கண்ணு வீங்கி, மூக்குல கருப்பா ஒழுகுச்சுன்னா, 2021-ல ஊரையே கலக்குன கருப்புப் பூஞ்சையை நெனச்சுக்க. அது கொரோனாவோட போயிரல.

பிள்ளைகளுக்கு வாய் இல்ல, அதனால நம்மதான் பாக்கணும். போட்டோ எடுத்தா ஒரு கண்ணு மட்டும் வெள்ளையா மின்னுதா, கண்ணுப் பாப்பாவுல வெள்ளை தெரியுதா, உடனே கூட்டிப் போ. கண்ணுல கட்டியா இருந்தாச் சீக்கிரம் போறதுல கண்ணு மட்டுமில்ல, உசிரே தப்பிக்கும். பொறந்த பிள்ளைக்குக் கண்ணுல சீழ் ஒழுகுனா அன்னைக்கே. காய்ச்சலோட இமை வீங்கி, கண்ணு முழி பிதுங்கி, அசையாம நின்னா அன்னைக்கே. குறை மாசத்துல பொறந்ததோ, ரெண்டு கிலோவுக்குக் கொறஞ்சதோ, பொறந்து 30 நாளுக்குள்ள விழித்திரையைக் காட்டிப்புடணும். தீட்டுக் கழியட்டும், நல்ல நாள் பாக்கணும்னு அப்பத்தா சொல்லும். அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், நீ வண்டியை எடு.

எங்க போறதுன்னு கேப்ப. கண்ணாடிக் கடையில "இலவசக் கண் பரிசோதனை"ன்னு போர்டு போட்டிருப்பான், அது கண்ணாடி விக்கிற எடம், போர்டுலயே அவன் பொழப்பு எழுதியிருக்கு. பஞ்சாயத்துல கண் முகாம் போடுவாகன்னு காத்துக் கெடக்காத, முகாம் பொரைக்கு. பகல்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல கண் மருத்துவ உதவியாளர் வர்ற நாளா இருந்தா அவரு பாத்துட்டு அனுப்புவாரு. சுண்ணாம்பு கழுவணும்னாலும் அங்கயே கழுவி விடுவாக. ராத்திரின்னா யோசிக்காம மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி, இல்ல மெடிக்கல் காலேசு ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவு ராத்திரி பகல் தொறந்திருக்கும், கண்ணு டாக்டரைக் கூப்பிட்டு விடுவாக. 108-க்கு அடி, 2008-லயிருந்து நம்ம மாநிலத்துல ஓடுது, காசு கெடையாது. நெஞ்சு வலிக்கு மட்டும்தான் வரும்னு யாரு சொன்னா உனக்கு? விபத்துல கண்ணு கிழிஞ்சவனுக்கும் பார்வை பொசுக்குன்னு போனவனுக்கும் வரும்.

இந்த விசயத்துல நம்ம நாடு ஒண்ணும் வறண்டு கெடக்கல. சென்னை எழும்பூர்ல இருக்குற அரசாங்கக் கண்ணாஸ்பத்திரி 1819-ல ஆரம்பிச்சது. லண்டன்ல இருக்குற மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தாப்புல உலகத்துலயே பழைய கண்ணாஸ்பத்திரின்னு அதைத்தான் சொல்வாக. நம்ம மதுரையில அரசாங்க வேலையில ஓய்வு வாங்குன வெங்கடசாமி டாக்டரு 1976-ல 11 படுக்கை போட்டு ஆரம்பிச்சதுதான் அரவிந்த். திருச்சியில ஜோசப், சென்னையில சங்கர நேத்ராலயான்னு இருக்கு. எங்கிருந்தெல்லாமோ டாக்டருக இங்க வந்து கத்துக்கிட்டுப் போறாக. மேலூருக்குப் பக்கத்துல இருக்குற நீ மட்டும் வெளக்கெண்ணெய் கிண்ணத்தோட திண்ணையில உக்காந்திருக்க.

போறப்ப மோட்டார் சைக்கிளை நீயே ஓட்டிட்டுப் போகாத, ஒத்தைக் கண்ணுல வீரம் காட்டி ரெண்டு பேரைச் சேத்து ஆஸ்பத்திரியில போடுவ. இதுவரைக்கும் ஊத்துன சொட்டு மருந்து பாட்டிலு, சர்க்கரை பிரசர் மாத்திரைச் சீட்டு எல்லாம் பையில எடுத்துக்க. டாக்டர் எப்ப பட்டுச்சு, என்னென்ன ஊத்துனன்னு கேட்டா, முந்தாநாள் பட்டதை இப்பத்தான் பட்டுச்சுன்னு அளந்து விடாத. நாக்கால எடுத்தது, பூச்சாறு பிழிஞ்சது, கடைத் தம்பி குடுத்தது எல்லாத்தையும் வெக்கப்படாமச் சொல்லு. அவுக திட்டுவாக, வாங்கிக்க. அதை மறைச்சீன்னா எந்த மருந்து குடுக்கிறதுன்னு அவுகளுக்குத் தெரியாது.